மலையேறத் தெரிந்த பத்துப் பேர்



இன்றைக்கு நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது ஒரே ஓர் அணியைப் பற்றி. 1983 ஜூலையில் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் ஓட்ட வந்த கொலம்பிய அணி. பத்துப் பேர். பத்துப் பேரும் அமெச்சூர்கள். அவர்களோடு புறப்பட்ட மற்ற 130 பேரும் சைக்கிள் ஓட்டுவதையே தொழிலாகக் கொண்டு சம்பளம் வாங்குகிறவர்கள். இந்தப் பத்துப் பேர் அங்கே எதில் ஜெயித்தார்கள், எதில் தோற்றார்கள் என்று பார்த்தால், அமெச்சூருக்கும் தொழில்முறை வீரருக்கும் உண்மையான வித்தியாசம் எங்கே இருக்கிறது என்பது தெரியவரும். நான் சொல்ல வந்தது அவ்வளவுதான். ஆனால் அதைச் சொல்லக் கொஞ்சம் சுற்றி வர வேண்டும்.

முதலில் பந்தயம் எப்படி நடக்கிறது என்று பார்த்துவிடலாம். பலநாள் பந்தயத்தில் ஒவ்வொரு நாளும் ஒரு கட்டம். காலையில் ஓர் ஊரில் புறப்பட்டு மாலையில் வேறோர் ஊரில் முடிப்பார்கள். அன்றைய கட்டத்தில் முதலாவதாக வருகிறவருக்கு அன்றைய வெற்றி. ஆனால் ஒட்டுமொத்தப் பந்தயத்தை வெல்வது, எல்லா நாள் நேரத்தையும் கூட்டிப் பார்த்தால் யாருக்குக் குறைவாக இருக்கிறதோ அவர். இரண்டாம் நாளில் இழந்த ஒரு நிமிடம் இருபதாம் நாளிலும் கணக்கில் இருக்கும். இன்னொரு விதியும் உண்டு. அன்றைக்கு ஜெயித்தவரின் நேரத்தோடு ஒரு குறிப்பிட்ட சதவீதத்தைக் கூட்டி, அதற்குள் வந்து சேராதவரை மறுநாள் புறப்பட விடமாட்டார்கள். ஆகவே கடைசியில் வருகிறவரும் கடிகாரத்தோடு போராடிக்கொண்டுதான் இருப்பார்.

1983-இல் அந்தப் பந்தயம் ஜூலை 1 தொடங்கி 24 வரை நடந்தது. தூரம் சுமார் 3,800 கிலோமீட்டர். 14 அணிகள், அணிக்குப் பத்துப் பேர்.

அடுத்து, காற்று. சமதளத்தில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுகிறவரின் பலத்தில் பெரும்பங்கு காற்றைப் பிளக்கவே போய்விடுகிறது. முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தை ஒட்டியே ஓட்டினால் மூன்றில் ஒரு பங்கு வரை பலம் மிச்சமாகும். எதிர்க்காற்றில் லாரிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு ஓட்டியவர்கள் இந்த அரங்கத்திலேயே இருப்பீர்கள். வீட்டில் சொல்லியிருக்க மாட்டீர்கள். மலையில் கணக்கு மாறுகிறது. ஏற்றத்தில் வேகம் பாதியாகக் குறையும்போது காற்றின் தொல்லையும் குறைந்துவிடுகிறது. அங்கே சுமப்பது சொந்த எடையை. ஒருவர் பின்னால் ஒளிந்துகொள்வதில் பெரிய லாபம் இல்லை. மலையில் ஓட்டுகிறவர் கிட்டத்தட்டத் தனி ஆள். சமவெளியில் யாருமே தனி ஆள் இல்லை. இதை மனத்தில் வைத்துக்கொண்டு கொலம்பியாவுக்குப் போவோம்.

பொகோட்டா நகரம் நம் தொட்டபெட்டா சிகரத்தின் உயரத்தில் இருக்கிறது. 2,600 மீட்டருக்கும் மேலே ஒரு தலைநகரம். ஆண்டிஸ் மலைத்தொடர் அந்த நாட்டுக்குள் மூன்று கிளைகளாகப் பிரிகிறது. பெரிய ஊர் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால் ஒரு பள்ளத்தாக்கில் இறங்கி மறுபடி ஏற வேண்டும். 1950 வாக்கில் அந்தச் சாலைகளில் பெரும்பகுதி மண்ணும் சேறும். அந்த நாட்டைச் சுற்றிச் சைக்கிள் பந்தயம் நடத்தலாம் என்று சிலர் பேச ஆரம்பித்தபோது, நடக்கிற காரியமா என்ற சந்தேகம்தான் முதலில் எழுந்தது. சந்தேகத்தைத் தீர்க்க எஃப்ராயின் ஃபொரேரோ என்ற இளைஞர் லெத்ராஸ் கணவாயைச் சைக்கிளில் கடந்து காட்டினார். கடல்மட்டத்திலிருந்து 500 மீட்டர் உயரத்தில் உள்ள மாரிகீதா ஊரில் தொடங்கி, சுமார் 80 கிலோமீட்டர் ஏறிக்கொண்டே போய், 3,600 மீட்டருக்கும் மேல் முடிகிற ஏற்றம் அது. கூடவே வந்த அரசாங்க லாரி சேற்றில் சிக்கிக்கொண்டது என்றும், லாரிக்கு முன்பே அவர் மனிசாலெஸ் நகரத்தை அடைந்துவிட்டார் என்றும் சொல்வார்கள்.

1951 ஜனவரியில் 'எல் தியெம்போ' நாளிதழின் ஆதரவோடு முதல் கொலம்பியச் சுற்றுப் பந்தயம் நடந்தது. வென்றவர் அதே ஃபொரேரோ. இரண்டாவதாக வந்தவருக்கும் அவருக்கும் இடைவெளி இரண்டு மணி நேரத்துக்கும் மேல். நிமிடக் கணக்கில் தீர்மானமாகும் ஐரோப்பியப் பந்தயங்களோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். காலமும் சாதாரணக் காலம் அல்ல. 1948-இல் கெய்த்தான் என்ற அரசியல் தலைவர் சுட்டுக் கொல்லப்பட்டதற்குப் பிறகு நாடு முழுக்க வெட்டும் குத்துமாக இருந்த ஆண்டுகள் அவை. அப்படிப்பட்ட நாட்டில் ஊர் ஊராக மக்கள் சாலையோரம் வந்து நின்று சேறு பூசிய சைக்கிள்காரர்களைப் பார்த்தார்கள். 1955-இல் ரமோன் ஓயோஸ் என்ற சாம்பியனின் வாழ்க்கையை 'எல் எஸ்பெக்தாதோர்' நாளிதழில் தொடராக எழுதியவர் ஓர் இளம் நிருபர். அவர் பெயர் கப்ரியேல் கார்சியா மார்க்கெஸ்.

பார்க்க முடியாதவர்கள் கேட்டார்கள். பந்தயம் போகிற பாதையெல்லாம் வானொலி வண்டிகள் போயின. எந்த மலையில் யார் முன்னால், யாருக்கு பங்க்சர், யார் முகம் வெளிறியிருக்கிறது என்று அறிவிப்பாளர்கள் மணிக்கணக்காக விவரித்தார்கள், ஓட்டுகிறவர்களுக்குப் பட்டப்பெயரும் வைத்தார்கள். 1983-இல் பிரான்சுக்குப் போன அணிக்குப் பணம் கொடுத்த நிறுவனம் வார்த்தா. அது பேட்டரி நிறுவனம். டிரான்சிஸ்டர் ரேடியோவில் பந்தயம் கேட்கிற ஒரு நாட்டில் பேட்டரி விற்கிறவர் சைக்கிள் அணிக்குப் பணம் கொடுத்ததில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

இங்கே அமெச்சூர் விதியைப் பற்றி இரண்டு வார்த்தை. 1965 முதல் உலகச் சைக்கிள் விளையாட்டை இரண்டு கூட்டமைப்புகள் பிரித்து நிர்வகித்தன, ஒன்று அமெச்சூர்களுக்கு, மற்றது தொழில்முறைக்காரர்களுக்கு. ஒலிம்பிக்கில் அமெச்சூர்களுக்கு மட்டுமே அனுமதி. 1996-இல்தான் சைக்கிள் பந்தயத்தில் அந்தக் கதவு திறந்தது. விதி எல்லோர் மேலும் ஒரே மாதிரி பாயவில்லை. கிழக்கு ஐரோப்பிய நாடுகளில் அரசாங்கமே சோறு போட்டு வருடம் முழுக்கப் பயிற்சி கொடுத்த வீரர்களும் அமெச்சூர்கள்தான். கொலம்பியாவின் 'கொச்சிசே' ரோட்ரிகெஸ் 1971-இல் அமெச்சூர் உலக சாம்பியன். மறு ஆண்டு மியூனிக் ஒலிம்பிக்கில், அமெச்சூர் விதியை மீறிவிட்டார் என்று சொல்லி அவரை விலக்கிவிட்டார்கள். எனவே 'அமெச்சூர்' என்றதும் ஓய்வு நேரத்தில் ஓட்டுகிறவர் என்று நினைத்துவிட வேண்டாம். இந்தப் பத்துப் பேரும் தங்கள் நாட்டில் கடுமையான பந்தயங்களில் ஓட்டிப் பழகியவர்கள். அவர்களிடம் இல்லாதது வேறு. அதற்குத்தான் வருகிறேன்.

1980-இல் பிரான்சில் அமெச்சூர்களுக்கான 'டூர் த லவெனீர்' என்ற பலநாள் பந்தயத்துக்கு ஒரு கொலம்பிய அணி போனது. அதற்கு முந்தைய இரண்டு ஆண்டும் அதை வென்றவர் சோவியத் வீரர் சுகோருச்சென்கோவ். அந்தக் கோடையில்தான் மாஸ்கோ ஒலிம்பிக்கில் தங்கப் பதக்கம் வாங்கியிருந்தார். அவரைப் பின்னுக்குத் தள்ளிப் பந்தயத்தை வென்றவர் அல்ஃபோன்சோ ஃப்ளோரெஸ் என்ற கொலம்பியர். பிரான்சில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

டூர் டி பிரான்ஸை நடத்திய ஃபெலிக்ஸ் லெவித்தானுக்குப் பந்தயத்தை உலகப் பந்தயமாக்க வேண்டும் என்ற ஆசை. 1983-இல் அமெச்சூர் அணிகளும் வரலாம் என்று அறிவித்தார். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வருவார்கள் என்ற எதிர்பார்ப்பு இருந்தது. அவர்கள் வரவில்லை. வந்தது கொலம்பியா மட்டும். ஃப்ளோரெஸும் அந்தப் பத்துப் பேரில் ஒருவர்.

பாதையைப் பாருங்கள். முதல் பெரிய மலைக் கட்டம் பத்தாவது கட்டம்தான். அதற்கு முன்னால் வடக்கு பிரான்சின் சமவெளி. மூன்றாவது கட்டம் வாலென்சியனிலிருந்து ரூபே வரை. ரூபே பக்கத்துச் சாலைகள் கல் பாவியவை. நிலக்கரிச் சுரங்க வட்டாரத்தில், கருங்கல் துண்டுகளை வரிசையாகப் பதித்த பழைய வண்டிப்பாதைகள். அதில் கனத்த உடம்புக்காரர் சக்கரத்தை அழுத்திக்கொண்டு போய்விடுவார். மலையேறப் பிறந்த சின்ன உடம்பு ஒவ்வொரு கல்லிலும் தூக்கிப் போடப்படும். நாலாவது கட்டம் ரூபேயிலிருந்து லெ ஆவ்ர் துறைமுகம் வரை, சுமார் 300 கிலோமீட்டர். ஒரே நாளில்.

இதையெல்லாம் விடக் கொடுமை பக்கக்காற்று. காற்று இடது பக்கத்திலிருந்து அடித்தால் நேர் பின்னால் போகிறவருக்கு மறைவு கிடைக்காது. முன்னால் போகிறவருக்கு வலது பக்கமாகச் சற்றுப் பின்தங்கி ஓட்ட வேண்டும். அவருக்கு வலப்புறம் இன்னொருவர். இப்படிச் சாலையின் குறுக்கே சாய்வாக ஒரு வரிசை உருவாகும். சாலை எவ்வளவு அகலமோ அவ்வளவு பேருக்குத்தான் இடம், பத்துப் பதினைந்து பேர் இருக்கலாம். மிச்சம் பேர் சாலையின் ஓரத்தில் ஒருவர் பின் ஒருவராக, மறைவே இல்லாமல் திணறிக்கொண்டு போக வேண்டியதுதான். யாராவது ஒருவர் ஒரு சக்கர நீளம் விட்டுவிட்டால் போதும், அவருக்குப் பின்னால் இருக்கிற அத்தனை பேரும் அறுந்துவிடுவார்கள். ஒருமுறை அறுந்தால் ஒட்டுவது மிகக் கடினம்.

இதில் தப்பிக்க வெறும் கால் பலம் உதவாது. எந்த ஊர் தாண்டியதும் மரவரிசை முடிந்து வெட்டவெளி வருகிறது, எந்தத் திருப்பத்தில் காற்று பக்கவாட்டில் மாறும், அதற்கு எத்தனை கிலோமீட்டர் முன்பே கூட்டத்தின் முன்பகுதிக்குப் போய்விட வேண்டும், போகும்போது எந்த அணிக்காரன் இடம் விடுவான், எவன் முழங்கையால் இடிப்பான், வரிசையில் தன் முறை வந்தால் எத்தனை நொடி முன்னால் இழுத்துவிட்டு ஒதுங்க வேண்டும், இதெல்லாம் தெரிய வேண்டும். பெல்ஜியத்திலும் ஹாலந்திலும் பையன்கள் இதைப் பதினாலு பதினைந்து வயதில், வாரா வாரம் அடிபட்டுக் கற்றுக்கொள்கிறார்கள். கொலம்பியாவில் கற்றுக்கொள்ள வழியே இல்லை. அங்கே பந்தயம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் ஒரு மலை வந்துவிடும், கூட்டம் சிதறிவிடும். நூறு பேருக்கு மேல் கைப்பிடியோடு கைப்பிடி உரசிக்கொண்டு மணிக்கணக்காகப் பறக்க வேண்டிய சூழ்நிலை அவர்களுக்கு வாய்த்ததே இல்லை.

இன்னொன்றும் உண்டு. தொழில்முறை அணியில் யார் தலைவர் என்பது முடிவான விஷயம். மற்றவர்கள் அவருக்காகத் தண்ணீர் கொண்டுவருவார்கள், காற்றை வாங்கிக்கொள்வார்கள், அவருக்கு பங்க்சர் ஆனால் தங்கள் சக்கரத்தையே கழற்றிக் கொடுப்பார்கள். அதற்குத்தான் அவர்களுக்குச் சம்பளம். கொலம்பியர்கள் பத்துப் பேரும் ஊரில் வெவ்வேறு அணிகளுக்காக ஒருவரை ஒருவர் எதிர்த்து ஓட்டியவர்கள். நாட்டின் பெயரில் ஒன்றாக வந்திருந்தார்கள். ஆனால் மற்றவனுக்காகத் தன் பந்தயத்தை விட்டுக்கொடுக்கும் பழக்கம் ஒரு மாதத்தில் வந்துவிடுமா? முதல் வாரம் முழுக்க நிமிடம் நிமிடமாக இழந்தார்கள். கூட்டத்தில் ஓட்டத் தெரியாதவர்கள், இவர்களால்தான் விபத்து என்று ஐரோப்பியர்கள் முணுமுணுத்தார்கள்.

பிறகு பிரெனே மலை வந்தது. ஜூலை 11, போ நகரத்திலிருந்து லூஷோன் வரை, சுமார் 200 கிலோமீட்டர். ஓபிஸ்க், தூர்மலே, ஆஸ்பென், பெய்ரசூர்த் என்று நாலு கணவாய்கள். தூர்மலே 2,115 மீட்டர். அந்த உச்சியை முதலில் கடந்தவர் கொலம்பிய அணியின் பத்ரோசினியோ ஹிமெனெஸ். அன்றைய கட்டத்தை ஸ்காட்லாந்தின் ராபர்ட் மில்லார் வென்றார். ஆனால் மலையேற்றத்தில் அதிகப் புள்ளி எடுத்தவருக்குரிய சிவப்புப் புள்ளி ஜெர்சி ஹிமெனெஸின் தோளுக்கு வந்தது. முந்தைய வாரம் சாலையோரத்தில் திணறிக்கொண்டிருந்த அணியில் ஒருவர், உலகின் மிகப் பெரிய பந்தயத்தில் மலைகளின் தலைவர். அந்த ஜெர்சியைப் பாரிஸ் வரை அவரால் வைத்துக்கொள்ள முடியவில்லை. பழம் தின்று கொட்டை போட்ட பெல்ஜியக்காரர் லூசியன் வான் இம்ப் அதைப் பறித்துவிட்டார். பத்துப் பேரில் எல்லோரும் பாரிஸ் வந்து சேரவும் இல்லை. ஆனாலும் முதல் இருபது இடங்களுக்குள் இரண்டு கொலம்பியர்கள் இருந்தார்கள், எட்கார் கொர்ரெதோரும் ஹிமெனெஸும்.

1984-இல் மறுபடி வந்தார்கள், அமெச்சூர்களாகவே. இந்த முறை லூயிஸ் ஹெரேரா என்பவரும் வந்தார். எல்லோருக்கும் அவர் லூச்சோ. ஃபுசகசுகா என்ற ஊர்க்காரர், பூச்செடித் தோட்டங்களில் வேலை பார்த்தவர், ஆகவே வானொலிக்காரர்கள் வைத்த பெயர் 'குட்டித் தோட்டக்காரன்'. ஜூலை 16. ஆல்ப் துவேஸ் ஏற்றம். 21 கொண்டை ஊசி வளைவுகள், 14 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரம், சராசரியாக 8 சதவீதச் சரிவு. முந்தைய ஆண்டு பந்தயத்தை வென்ற லோரான் ஃபிஞோனும், அதற்கு முன் நாலு முறை வென்றிருந்த பெர்னார் ஈனோவும் ஒருவரை ஒருவர் மாற்றி மாற்றித் தாக்கிக்கொண்டிருந்தார்கள். ஹெரேரா அவர்கள் இருவரையும் தாண்டித் தனியாக மேலே போனார். இரண்டாவதாக வந்த ஃபிஞோனை விட 49 நொடி முன்னால் கோட்டைக் கடந்தார். டூர் டி பிரான்ஸில் ஒரு கட்டத்தை வென்ற முதல் அமெச்சூர் அவர்தான். முதல் கொலம்பியரும் அவர்தான். பிரான்சில் மாலை ஐந்து மணி என்றால் கொலம்பியாவில் காலை பத்து மணி. பள்ளிக்கூடத்திலும் அலுவலகத்திலும் அந்த நேரத்தில் வேலை நடந்திருக்கும் என்று நினைக்கிறீர்களா?

இந்த வெற்றியைச் சொல்லிக் கைதட்டல் வாங்கிவிட்டு நான் உட்கார்ந்துவிடலாம். ஆனால் இன்னொரு எண்ணையும் சொல்லியாக வேண்டும். ஆல்ப் துவேஸில் எல்லோரையும் தோற்கடித்த ஹெரேரா அந்த ஆண்டு பாரிஸில் எத்தனையாவது இடம் தெரியுமா? 27. மலையில் உலகின் மிகச் சிறந்தவர், மூன்று வாரக் கூட்டலில் 27-ஆவது. மலையில் சம்பாதித்ததைச் சமவெளி தின்றுவிட்டது.

1985-இல் கஃபே த கொலம்பியா என்ற பெயரில், காப்பி விவசாயிகள் கூட்டமைப்பின் பணத்தில், தொழில்முறை அணி உருவானது. டூர் டி பிரான்ஸில் கொலம்பியாவின் அமெச்சூர் கதை இரண்டே ஆண்டில் முடிந்துவிட்டது. அந்த ஆண்டு ஹெரேரா இரண்டு கட்டங்களையும் மலை ஜெர்சியையும் வென்றார். மொத்தத்தில் ஏழாவது இடம். அவோரியாஸ் போகிற கட்டத்தில் ஈனோவும் அவரும் சேர்ந்தே ஓட்டினார்கள். ஈனோவுக்கு மொத்த நேரத்தில் லாபம், ஹெரேராவுக்கு அன்றைய வெற்றி. பெரிய ஆட்டக்காரர் ஒருவரோடு பேரம் பேசி ஓட்டும் வித்தையை அவர் கற்றுக்கொண்டுவிட்டார். 1987-இல் ஸ்பெயின் சுற்றுப் பந்தயத்தையே வென்றார். ஆனால் டூர் டி பிரான்ஸில் ஒட்டுமொத்த வெற்றி அவருக்கும் கிடைக்கவில்லை, அவர் தலைமுறையில் யாருக்கும் கிடைக்கவில்லை.

கற்றுக்கொள்ள எவ்வளவு காலம் ஆனது? 2015-க்கு வாருங்கள். நைரோ கிந்தானா, கொலம்பியாவின் இன்னொரு பெரிய மலை வீரர். பந்தயத்தின் இரண்டாம் நாள், ஹாலந்தில், கடலோரம், மலை என்று சொல்ல ஒரு மேடுகூட இல்லாத பாதை. பக்கக்காற்றில் கூட்டம் அறுந்தது. கிந்தானா பின்பாதியில் மாட்டிக்கொண்டார், தன் முக்கியப் போட்டியாளர் கிறிஸ் ஃப்ரூமிடம் 1 நிமிடம் 28 நொடி இழந்தார். கடைசிக்கு முந்தைய நாள் ஆல்ப் துவேஸில் ஃப்ரூமை விட 1 நிமிடம் 20 நொடி முன்னால் வந்தார். பாரிஸில் இறுதி வித்தியாசம் 1 நிமிடம் 12 நொடி. இரண்டாவது இடம். இப்போது அவர் அமெச்சூர் இல்லை, சம்பளம் வாங்கும் பெரிய வீரர். ஆனாலும் 1983-இல் அந்தப் பத்துப் பேர் எங்கே மாட்டிக்கொண்டார்களோ அங்கேயேதான் அவரும் மாட்டிக்கொண்டார்.

அப்படியானால் சம்பளம் வாங்குவதும் வாங்காததும் மட்டுமே வித்தியாசம் என்று சொல்ல முடியாது. நுரையீரலிலும் வித்தியாசம் இல்லை, 1984-இலேயே அது நிரூபணமாகிவிட்டது. வித்தியாசம், நூறு பேரோடு தினமும் சேர்ந்து ஓட்டினால் மட்டுமே வருகிற அறிவில் இருக்கிறது. அதைப் புத்தகத்தில் படிக்க முடியாது, தனியாகப் பயிற்சி செய்து பெறவும் முடியாது. பலநாள் பந்தயத்துக்குப் போகிற அமெச்சூர் அணிகளைக் கவனித்துப் பாருங்கள். அவர்களில் தனித்தனியாக நல்ல ஓட்டக்காரர்கள் எப்போதும் இருப்பார்கள். முதல் நாலு நாளில் அவர்கள் பட்டியலின் அடிக்குப் போய்விடுவார்கள். ஒருவர் அறுந்துபோனால் யார் காத்திருந்து கூட்டி வருவது என்று முன்கூட்டியே முடிவு செய்யாத அணி, காற்றடிக்கிற முதல் நாளிலேயே பத்துத் தனி மனிதர்களாகிவிடும்.

இந்த மன்றத்திலிருந்து பலநாள் பந்தயத்துக்கு அணி அனுப்பலாமா என்று யோசிப்பதாகக் கேள்விப்பட்டேன். அனுப்புங்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை யார் மலை ஏறி முதலில் வருகிறார் என்று பார்த்து மட்டும் ஆள் எடுக்காதீர்கள். சமதளத்தில், காற்றில், மற்றவருக்குப் பின்னால் அரைச் சக்கர இடைவெளியில் பதறாமல் ஓட்டத் தெரிந்தவர் யார், தன் முறை வந்ததும் அலட்டாமல் முன்னால் போய் இழுத்துவிட்டுத் திரும்பி வருகிறவர் யார் என்று பாருங்கள். அவர் மலையில் பத்தாவதாக வந்தாலும் பரவாயில்லை, அணிக்கு அவர் வேண்டும்.

முடிக்கிறேன். 2019-இல் எகான் பெர்னால் டூர் டி பிரான்ஸை வென்றார். முதல் கொலம்பியர், லத்தீன் அமெரிக்காவிலிருந்தே முதல்வர். 1951-இல் முதல் கொலம்பியச் சுற்றை வென்ற ஃபொரேரோவின் ஊரான சிப்பாகிராதான் இவருக்கும் ஊர். ஆல்ப்ஸ் மலையில், 2,700 மீட்டருக்கும் மேலே இருக்கிற இசெரான் கணவாயில்தான், மொத்த நேரத்தில் முன்னால் இருப்பவருக்குரிய மஞ்சள் ஜெர்சி அவர் கைக்கு வந்தது. எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். நான் பத்தாவது கட்டத்தைச் சொல்வேன், ஆல்பி நகரத்துக்குப் போன நாள். பக்கக்காற்றில் கூட்டம் அறுந்தது. திபோ பினோ போன்ற பலசாலிகள் பின்னால் மாட்டிக்கொண்டு 1 நிமிடம் 40 நொடி இழந்தார்கள். பெர்னால் முன்வரிசையில் இருந்தார். அவரைச் சுற்றி அவர் அணிக்காரர்கள் இருந்தார்கள். பத்தொன்பது வயதில் ஐரோப்பாவுக்கு வந்து, இத்தாலிய அணியொன்றில் சேர்ந்து, அந்தக் கூட்டத்துக்குள்ளேயே ஓட்டி வளர்ந்தவர் அவர். கொலம்பியர்கள் மலையில் முதன்முதலில் வென்று 35 ஆண்டு ஆகியிருந்தது. காற்றில் ஒரு கொலம்பியர் லாபம் பார்த்த ஆண்டில்தான் பந்தயமே அவர்களுடையதானது.